அண்ணி குறைத்த பன்னிரண்டு கிலோ

போன வாரம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அண்ணியுடையது. சோற்று வாளியோடு ஒருவர் வந்தார். அண்ணி இலையின் மேல் கையை விரித்து மறைத்தார்.

"சாதம் வேணாங்க. அந்தக் கூட்டு மட்டும் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

பரிமாறியவர் நகரவில்லை. "ஏம்மா... ஒடம்பு சரியில்லீங்களா?"

கல்யாண வீட்டில் ஒருவர் சோற்றை மறுத்தால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லை சம்பந்தி சண்டையாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க முடியும் என்று நம் ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கை கழுவும் இடத்தில் ஒரு அம்மா அண்ணியைப் பிடித்துக்கொண்டார். முன்பு பார்த்ததற்கு இப்போது பாதியாகிவிட்டீர்களே, எந்த டாக்டர், என்ன மாத்திரை, எவ்வளவு நாள் ஆச்சு? அண்ணி சிரித்தார். வாசலில் பீடாவோடு நின்றிருந்த என் அண்ணனைக் கைகாட்டினார்.

"அவரக் கேளுங்க. எல்லாம் அவரு கைங்கரியம்தான்."

அண்ணி நகர்ந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார். "அவரு டயட் டாக்டருங்களா?"

"இல்லங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட டிபன் கடை வச்சிருக்காரு."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். போகட்டும். உங்களுக்காவது முழுசாகச் சொல்கிறேன். அண்ணியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ. பேர் மட்டும் போடாத பாப்பா" என்றார். நாற்பத்தைந்து வயதில் நான் அவர்களுக்கு இன்னும் பாப்பாதான்.

அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு நெடுநாளாக இருந்தது. டிபன் கடைக்காரர் வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட்டதாகச் சரித்திரம் உண்டா? காலில் வீக்கம் வந்து, மூச்சு வாங்கி, டெஸ்ட் எடுத்துப் பார்த்தால்... இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ். கடையை அண்ணியின் தம்பி எடுத்து நடத்தினான். அண்ணன் வீட்டோடு இருந்தார்.

மாற்றுக் கிட்னி வைத்தால் நல்லது என்றார்கள். யார் தருவது? நான் முன்னால் போய் நின்றேன். எனக்குச் சர்க்கரை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து அண்ணி. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒரு நாளும் தலைவலி என்று படுக்காதவர். ரத்த வகை ஒத்துப்போனது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. எடை மட்டும் எண்பத்திரண்டு.

உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா குடுத்துட்டு நீங்களும் நல்லா இருக்கணும் இல்லையா? எழுபதுக்கு வாங்க. அப்புறம் பேசலாம்."

பன்னிரண்டு கிலோ. அண்ணனின் உயிருக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோ நின்றது.

அங்கேயே ஓர் உணவு ஆலோசகர் இருந்தார். சின்னப் பெண். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று அடுக்கினாள். சோறு, இட்லி, தோசை, பொங்கல், உருளைக்கிழங்கு, சர்க்கரை, வெல்லம் எதுவும் கூடாது. கீரை, காய், முட்டை, மோர், அளவாகச் சுண்டல். தினமும் நடக்க வேண்டும். சாப்பிட்டது, நடந்தது எல்லாவற்றையும் அன்றன்றைக்கு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

"யாராச்சும் கேக்கறாங்கனு தெரிஞ்சாதான் வாய் அடங்கும்" என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்தார். நாத்தனார் அண்ணியின் தட்டை எட்டிப் பார்ப்பது உலக வழக்கம். எனக்கு அதற்கு லைசென்ஸே கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் என் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். காலையில் சோயா அடை ரெண்டு, காபி. மதியம் கீரைக் கூட்டு, முட்டை, மோர். நாலு மணிக்கு காபி. ஆபீஸில் மாடிப்படி ஏறி இறங்கினது இத்தனை தடவை. நான் பதிலுக்கு 'சபாஷ்' என்றோ 'சுண்டல் ஜாஸ்தி' என்றோ அனுப்புவேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சாப்பாடு ஒரு பெரிய குழப்பம். கிட்னி போனவருக்குக் கீரை ஆகாது, தக்காளி ஆகாது, வாழைப்பழம் ஆகாது, சோறு சாப்பிடலாம். அண்ணிக்குச் சோறு ஆகாது, கீரை சாப்பிடலாம். புருஷனுக்கு மருந்தாக இருப்பது பெண்டாட்டிக்கு ஆகாது, பெண்டாட்டிக்கு ஆவது புருஷனுக்கு விஷம். ஒரே அடுப்பில் இரண்டு பத்தியம். ஆபீஸுக்கும் ஓடிக்கொண்டு யாரால் முடியும்?

அண்ணன் தாமாகவே முன்வந்தார்.

"நீ ஆபீஸ் போறவ. உன் சாப்பாட்ட நான் பாத்துக்கறேன். சும்மாதான உக்காந்திருக்கேன்."

எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் தொடக்கத்தில் அண்ணி கிட்னி தருவதை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு வாரம் சண்டை. 'எனக்கு டயாலிசிஸே போதும், நீ சும்மா இரு' என்று கத்தினார். அண்ணி காதில் வாங்கவில்லை. பிறகு ஒரு நாள் அண்ணன் அமைதியாகிவிட்டார். கரண்டியைக் கையில் எடுத்தார். மனசு மாறிவிட்டது என்று நினைத்தோம்.

நான் மெடிக்கல் ஷாப்பில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மாத்திரை ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். நான் வருஷக்கணக்காக அதைத்தான் காபியில் போட்டுக் குடிக்கிறேன். நாக்கில் ஓர் ஓரத்தில் கசப்பு நிற்கும். பழகிவிட்டது. அண்ணியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு பாப்பா. சக்கர மாதிரியே இருக்கு. நீ இதப்போய் கசக்குதுனு சொல்ற."

என் நாக்குக்குத்தான் வயதாகிவிட்டது போல என்று விட்டுவிட்டேன்.

காலையில் நடை. விடிந்தும் விடியாத நேரத்தில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில் நானும் அண்ணியும் கிளம்புவோம். அண்ணியின் புடவைக்குக் கீழே அவர் மகனின் கேன்வாஸ் ஷூ. செங்கம் ரோடு வரைக்கும் போய்த் திரும்புவோம். நம் ஊரில் அந்தப் பாதையில் ஒருவர் நடந்தால் அது உடற்பயிற்சி ஆகாது. வேண்டுதல்தான். தினமும் யாராவது கேட்பார்கள்.

"என்னம்மா வேண்டுதல்?"

"பன்னெண்டு கிலோ" என்பார் அண்ணி, நடையை நிறுத்தாமல்.

ஒரு மாதம் ஆயிற்று. வேலூரில் மெஷினில் ஏறினார். எண்பத்து மூன்று.

மெஷின் தப்பு என்றோம். வேறு மெஷினில் ஏற்றினார்கள். அதிலும் எண்பத்து மூன்று. அந்த ஆலோசகப் பெண் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"மேடம்... எல்லாத்தையும் விடாம சொல்றீங்க இல்ல?"

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "சொல்றேம்மா. எதையும் மறைக்கல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணி, தாம் அனுப்பிய எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் மறுபடி படித்துப் பார்த்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கினார். இல்லை, தூங்குவது போல இருந்தார்.

இதற்குள் சொந்தபந்தத்துக்குச் செய்தி போய்விட்டது. பெரியம்மா ஒருநாள் வந்திருந்தார். அண்ணி குளித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"குடுக்க மனசு இல்ல போலகீது. மனசு இருந்தா வாயக் கட்ட முடியாதா? நாம கேக்கவா முடியும்?"

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஊற்றினார்.

அன்று ராத்திரியிலிருந்து அண்ணி சாப்பாட்டையே பாதியாக்கிக்கொண்டார். கண்ணைச் சுற்றி வளையம் விழுந்தது. நடையை இன்னும் தூரமாக்கினார். எடை அசையவில்லை. அண்ணன் மட்டும் விடாமல் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "இதக் கூட சாப்பிடலனா எப்பிடி? இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் கீரதான்."

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு, டயாலிசிஸுக்காக ஊசி போடும் கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வேலூரில் ஒரு வாரம் படுக்க வைத்துவிட்டார்கள். அண்ணி கூடவே இருந்தார். கேன்டீனில் அவித்த முட்டை, வெள்ளரிக்காய், மோர். அவசரத்தில் கிடைத்ததைத் தின்றார். நடக்கவும் இல்லை. வார்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

டிஸ்சார்ஜ் அன்று மெஷினில் ஏறினால்... இரண்டு கிலோ கம்மி.

"வேலூர் தண்ணி ஒத்துக்குது போல" என்றார் அண்ணி. அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்தில் அந்த இரண்டு கிலோவும் திரும்பி வந்துவிட்டது.

எனக்கு என்னவோ உறுத்தியது. வேலூரில் நடை இல்லை, ஆனால் இறங்கியது. இங்கே நடை இருக்கிறது, ஆனால் ஏறுகிறது. தண்ணீரா காரணம்? அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கிறது?

அண்ணன் சமையல்.

ஒரு சாயங்காலம் நான் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அண்ணி ஆபீஸிலிருந்து வரவில்லை. அண்ணன் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தார். அடை வெந்துகொண்டிருந்தது. நல்ல வாசனை.

"பசிக்குதுண்ணா. ஒண்ணு குடு."

"இது உங்க அண்ணிக்கு. சோயா. உனக்குப் புடிக்காது. இரு, வேற வார்க்கறேன்."

நான் ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். மொறுமொறுவென்றிருந்தது. பச்சரிசி போட்டு அரைத்தால் மட்டும் வரும் மொறுமொறுப்பு. எங்கள் அம்மா கைப்பக்குவம். பதினைந்து வயதில் நாங்கள் இருவரும் அடித்துக்கொண்டு தின்ற அதே அடை.

அண்ணனைப் பார்த்தேன். அவர் அடையைத் திருப்பிப் போட்டார்.

அலமாரியில் நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை டப்பா இருந்தது. திறந்தேன். உள்ளே மேல் தாள் கிழிக்கப்படவே இல்லை.

"அண்ணா... இது என்ன?"

அவர் அடுப்பைத் தணித்தார். சுவரில் சாய்ந்து நின்றார்.

"அவகிட்ட சொல்லிடாத பாப்பா."

"ஏண்ணா இப்பிடி?"

"ரெண்டு பேரையும் ஒரே நாள்ல டேபிள்ல படுக்க வப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் ஆயிடுச்சுனா பசங்களுக்கு யாரு? நான் எப்பிடியும் ஓட்டை வண்டி. ஓடற வரைக்கும் ஓடும். ஓடற வண்டியப் போய் எதுக்குக் கழட்டணும்?"

"ஒண்ணும் ஆகாதுனு டாக்டரே சொல்றாரே."

"எனக்கும்தான் ஒண்ணும் ஆகாதுனு சொன்னாங்க. பிபி மாத்திர குடுக்கறப்போ."

"நேரா வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. கேட்டாளா? நான் எத சொன்னாலும் மாட்டேன்னுவா. தட்டுல போட்டுக் குடுக்கறத மட்டுந்தான் இத்தன வருஷத்துல மாட்டேன்னு சொன்னதில்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள். உங்களைக் குண்டாக்கியவர்கள் யார் யார் என்று யோசித்தால் அதில் எதிரி ஒருத்தராவது இருப்பாரா? எல்லாம் இன்னும் ஒரு கரண்டி என்று கெஞ்சியவர்கள்தான். ஆனாலும் இப்படித் திட்டம் போட்டு யாராவது...

கோபமும் வந்தது. "பெரியம்மா என்ன பேசறாங்க தெரியுமா உனக்கு? அண்ணிக்குக் குடுக்க மனசில்லையாம். திருட்டுத்தனமா தின்னுட்டு பொய் சொல்றாங்களாம். அண்ணி காது கேக்கவே சொன்னாங்க."

அண்ணன் நிமிர்ந்தார். அவருக்கு இது தெரியாது.

"அவளையா சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரிலயும் அப்பிடித்தான நெனக்கறாங்க. அதனாலதான் சாப்பாட்டையே பாதியாக்கிட்டாங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கல்லில் இருந்த அடை கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டார். டிபன் கடைக்காரர் கையில் அடை கருகி நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன தீயற வாசன?" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணன் காபி போட்டார். எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். மாத்திரை டப்பாவின் தாளைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டம்ளரைக் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தார்.

அண்ணி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க இது, கசக்குது?"

"அதுதான் மாத்திர."

அண்ணி டம்ளரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"அப்போ இத்தன நாளா?"

"சக்கர."

அண்ணி நிதானமாக, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அந்த அட?"

"பச்சரிசி. ரெண்டு கை."

"கீர?"

"அரிசி மாவு கரைச்சு விட்டேன். கொஞ்சம் வெல்லம்."

"ஞாயித்துக்கெழம சூப்பு?"

"அதுல... மக்காச்சோள மாவு. வெண்ணெயும்."

"ஆபீஸுக்குக் குடுத்து அனுப்பற மோரு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "கெட்டித் தயிர். அதுலயும் கொஞ்சம் சக்கர."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிக்கக் கூடாத நேரத்தில்தான் எனக்கு வரும்.

அண்ணி அந்தக் கசப்புக் காபியை முழுக்கக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

"நான் என் ஒடம்பையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேங்க. வாய் குடுக்கறேன்னு சொல்லுது, ஒடம்புக்குத்தான் குடுக்க இஷ்டமில்ல போலருக்குனு. நடக்கறப்போ அதுகிட்ட கெஞ்சிட்டே நடப்பேன்."

அண்ணன் அழுதார். கடையில் கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டியபோதுகூட அழாதவர்.

அண்ணி அழவில்லை. "உங்களுக்கு நான் போயிடுவேனோனு பயம். எனக்கு அந்தப் பயம் வாரத்துல ரெண்டு நாள், வேலூர் பஸ்ல ஏறறப்போ வருது. உங்க பயத்துக்கு எனக்கு சக்கர குடுத்தீங்க. என் பயத்துக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணன் எழுந்து போய், கருகிய அடையைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்தார்.

மறுநாளிலிருந்து அண்ணன் சமையலறைக்குள் வரக் கூடாது என்று உத்தரவாயிற்று. சில நாள் இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் நான் தூது. 'அவர மாத்திர சாப்பிடச் சொல்லு', 'அவள ராத்திரிக்கு ஒழுங்கா சாப்பிடச் சொல்லு'. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்துகொண்டு என் செல்லுக்குப் போன் செய்வார்கள்.

அடுத்த டயாலிசிஸ் அன்று அண்ணி அவரை நேரே டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். "இவருக்குச் சில சந்தேகம் இருக்குங்களாம். எல்லாத்தையும் கேக்கட்டும்."

அண்ணன் கேட்டார். ஒரு கிட்னியோடு இவள் எத்தனை நாள் இருப்பாள்? ஆபரேஷன் நடுவில் ஏதாவது ஆனால்? அந்த ஒரு கிட்னியும் பின்னால் கெட்டால்? வெளியே கூட்டம் காத்திருந்தது. அந்த டாக்டர் ஒரு தடவைகூட மணியைப் பார்க்கவில்லை. அபாயமே இல்லை என்றும் சொல்லவில்லை. இருக்கிறது, இவ்வளவு கம்மி, இதற்கு இது செய்வோம் என்று படம் போட்டுச் சொன்னார். எடையைக் குறைக்கச் சொன்னதே அந்த அபாயத்தைக் குறைக்கத்தான் என்றார்.

அதைக் கேட்டதும் அண்ணன் முகம் மாறியது. அதுவரைக்கும் அவர் அதை எதிர்ப்பக்கமாகவே புரிந்து வைத்திருந்தார். குண்டாக இருந்தால் அவள் தப்பிப்பாள் என்று நினைத்திருந்தார். வந்த வழியிலேயே ஒரு காலிஃப்ளவர் வாங்கினார்.

வீட்டு வாசலில் நின்று அண்ணியிடம் கேட்டார். "அரிசி டப்பாவையும் சக்கர டப்பாவையும் பூட்டி சாவிய நீயே வச்சுக்கோ. அடுப்ப மட்டும் எங்கிட்ட குடு."

அண்ணி யோசித்தார். "பாப்பா ருசி பாத்து சரினு சொன்னாதான் நான் சாப்பிடுவேன்."

எனக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு வேலை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதுவரை ஏமாற்றுவதற்கு உபயோகித்த மூளையை முழுசாக இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். காலிஃப்ளவரைத் துருவி உப்புமா கிண்டினார். சோறே இல்லாத எலுமிச்சை சாதம் என்று ஒன்றைச் செய்தார். சுரைக்காயில் தோசை வார்க்கப் பார்த்துக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. நாலாவது முறை வந்தது. முட்டையில் அவர் வைத்த குருமாவை நான் ருசி பார்க்கிறேன் என்று சொல்லி, பாதியைக் காலி செய்ததும் உண்டு.

எடை இறங்கத் தொடங்கியது. சட்டென்று இல்லை. நகர்ந்து நகர்ந்து. சில வாரம் நின்றுவிடும். அப்போது வீட்டில் எல்லோரும் மெஷினைத் திட்டுவோம்.

தீபத் திருவிழா வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணியின் அம்மா ஒரு தூக்கு நிறைய பொரி உருண்டையும் அதிரசமும் அனுப்பினார். அண்ணி தூக்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். ஊர் முழுக்கக் கூட்டம், தெரு முழுக்க வறுத்த கடலையும் ஜிலேபியும். அத்தனைக்கும் நடுவில் நிமிர்ந்து நடந்தவர், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சபலத்தில் விழுந்துவிட்டார். சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வந்தது.

'மதியம் பக்கத்து சீட்டு அம்மா டப்பாவிலிருந்து தயிர்சாதம் இரண்டு வாய். மூன்றாவதும் சாப்பிட்டேன். மாங்காய் ஊறுகாய் இருந்தது. அவரிடம் சொல்ல வேண்டாம்.'

'ஊறுகாய் கணக்கில் வராது' என்று பதில் போட்டேன்.

பெரியம்மா மறுபடி வந்தார். இந்த முறை அண்ணன் தாமே அவர் எதிரில் உட்கார்ந்து, செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கிளம்பும்போது பெரியம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவன் சின்னதுலயே இப்பிடித்தான். நாய்க்குட்டிக்கு ஒளிச்சு ஒளிச்சு ஊட்டுவான்" என்றார். பெரியம்மா அகராதியில் அதுதான் மன்னிப்பு.

ஒரு காலையில் வேலூர் மெஷின் முள் எழுபதைத் தொட்டது. அண்ணி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். எழுபதுக்கும் கீழே போனது. அந்த ஆலோசகப் பெண் எழுந்து வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். "ஸாரி மேடம், அன்னிக்கு நான் அப்பிடி கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"நீ கேட்டது சரிதாம்மா. ஆளுதான் தப்பு" என்றார் அண்ணி.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு விசாரணை உண்டு. தருபவர் இஷ்டப்பட்டுத்தான் தருகிறாரா என்று பெரிய டாக்டர்கள் நாலைந்து பேர் கேட்பார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் அண்ணி, அண்ணன், நான். ஒருவர் கண்டிப்பான குரலில் கேட்டார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்டுக்காரரோ, அவங்க வீட்டு ஆளுங்களோ உங்கள யாராச்சும் வற்புறுத்தினாங்களா?"

"வற்புறுத்தினாங்க சார்."

பக்கத்தில் நின்றிருந்த நான் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"யாரு?"

"இவருதான். குடுக்கக் கூடாதுனு வற்புறுத்தினாரு. சர்க்கரையாலயே அடிச்சாரு சார்."

பிறகு அண்ணி விளக்கமாகச் சொல்லச் சொல்ல, கேள்வி கேட்டவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரித்துத்தான்.

ஆபரேஷன் அன்று வராந்தாவில் நானும் பெரியம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தோம். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. முதலில் அண்ணி நன்றாக இருக்கிறார் என்று வந்து சொன்னார்கள். ரொம்ப நேரம் கழித்து அண்ணனும். புதுக் கிட்னி உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். ஒரு பை நிறைய சிறுநீர் வந்திருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். அந்தச் செய்திக்கு வராந்தாவில் நாங்கள் சந்தோஷப்பட்டது போல, பிள்ளை பிறந்த செய்திக்குக்கூட யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். பெரியம்மா சூடம் ஏற்றப் போய், வாட்ச்மேன் வந்து தடுக்க வேண்டியதாயிற்று.

சில நாள் கழித்து, முகமூடி போட்ட அண்ணனை வீல் சேரில் கண்ணாடித் தடுப்பு வரை கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் அண்ணி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். கண்ணாடியில் கை வைத்தார்.

"எப்பிடி இருக்கு?"

அண்ணன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். "சமத்தா இருக்கு. உன்ன மாதிரி இல்ல. சொன்ன பேச்சு கேக்குது."

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் செக்கப். அண்ணியை மெஷினில் ஏற்றினார்கள். இன்னும் குறைந்திருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சோறு இல்லாமல், விடாமல் நடந்து, இவ்வளவையும் குறைத்தீர்களே, மற்ற நோயாளிகளுக்கும் நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார். ஒரு கிட்னி எவ்வளவு எடை இருக்கும் என்று அண்ணி கேட்டார். நூற்றைம்பது கிராம் போல இருக்கும் என்றார் அவர்.

அண்ணி மெஷினிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணன் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்போ அந்த நூத்தம்பது கிராம கழிச்சுக்கோங்க சார். அது டயட்ல போகல. இவருகிட்ட இருக்கு."